கதவருகே சொன்னது

…உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், இஷ்டமாம் இஷ்டம், அதற்கு வேண்டாம் என்று சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம், ஒத்துக்கோ என்று சொல்லியிருந்தால் நாளைக்கு ஏதாவது ஆனால் பாதிப் பழியை அவர் தலையில் கட்டியிருக்கலாம், இந்த இரண்டு வார்த்தையை எந்தக் கணவன் கண்டுபிடித்தானோ, நல்லவன் என்ற பெயரும் கிடைக்கும், வாயும் வலிக்காது… நல்லா மூச்சை இழுங்கய்யா, ம், விடுங்க, இன்னொரு தடவை. பெரியவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை நகர்த்திக்கொண்டே அவள் சுவரைப் பார்த்தாள், கடிகாரத்தை அல்ல, கடிகாரத்தைப் பார்த்தால் கோபம் வரும், மதியம் கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தலைவர் பதவி விஷயமாக டீனுக்குப் பதில், பேசுவதற்கு இன்னும் ஒரு வரி கூட மனதில் இல்லை, வெளியே பெஞ்சு முழுக்க ஆட்கள். நுரையீரல் சுத்தமாகத்தான் இருந்தது, இருமல் பழைய சிகரெட்டின் சம்பாத்தியம், மருந்து எழுதி, எப்போது எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி முடித்தாள். பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "எல்லாம் சரிம்மா, பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். "நான்தான்யா பெரிய டாக்டர்." அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார், பிறகு ரொம்பவும் இரக்கத்தோடு, "இருக்கட்டும்மா, நீயும் ஒரு நாள் ஆயிடுவே" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். தலையில் நரை ஓட ஆரம்பித்துவிட்டது, முட்டி வலிக்கிறது, இன்னும் எப்போது ஆவதாம்?

பக்கத்தில் நின்ற சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிக்கட்டும், அவளுக்காவது சிரிப்பு வருகிறதே. இதைத்தான் மதியம் பேசப்போகிறாளாக்கும், பெண் மருத்துவர்களுக்கு வாழ்க்கைக்கும் வேலைக்கும் சில ஆலோசனைகள், அறிவிப்புப் பலகையில் பூப்போட்ட பார்டரோடு ஒட்டியிருக்கிறார்கள், பெண் என்றால் பூ போட்டே ஆக வேண்டும் போலிருக்கிறது. ஏற்பாடு செய்த பையன், நல்ல பையன்தான், பயிற்சி மருத்துவன், "மேடம், கொஞ்சம் பாசிட்டிவா பேசுங்க, டைம் மேனேஜ்மென்ட் பத்தியெல்லாம் சொல்லுங்க" என்றான். டைம் மேனேஜ்மென்ட்! காலையில் வீட்டில் பாத்ரூம் போனால் அடுத்தது சாயங்காலம் வீட்டில்தான், நடுவில் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுங்கள், அதுதான் கண்ணுகளா டைம் மேனேஜ்மென்ட், என்று சொல்லட்டுமா? அவள் வாழ்க்கையில் கிடைத்ததெல்லாம் ஆலோசனைதான், வேறெதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்குப் பஞ்சம் வந்ததில்லை. மேல்படிப்புக்கு நேர்முகத்தில் உட்கார்ந்தபோது கல்யாணம் ஆயிடுச்சா என்றுதான் முதல் கேள்வி, அப்புறம்தான் இதயத்துக்கு எத்தனை அறை என்பதெல்லாம். சித்தப்பா, தோல் எடு, ராத்திரி யாரும் தேமலுக்கு எழுப்ப மாட்டான் என்றார். மாமி, கண் எடு, உட்கார்ந்த இடத்தில் வேலை என்றாள். அம்மா எதையும் எடுக்கச் சொல்லவில்லை, நேரத்துக்குச் சாப்பிடு என்றாள், அதைத்தான் இன்றுவரை ஒரு நாளும் செய்ய முடியவில்லை. சிரிச்ச முகமா இருங்க என்றார் ஒரு சீனியர், சிரித்தால் டாக்டர் மாதிரியே இல்லை என்றார் இன்னொருவர், வயதாகத் தெரிய கண்ணாடி போடு, கொண்டை போடு, கொண்டை போட்டால் ஏன் இப்படிக் கிழவி மாதிரி… வயிற்றில் குழந்தையோடு வார்டில் நடந்தபோது அன்றைய துறைத் தலைவர் அவள் வயிற்றைப் பார்த்து, கொஞ்சம் பிளான் பண்ணியிருக்கலாமே என்றார், என்னவோ அவரிடம் கேட்டுக்கொண்டு பெற வேண்டியதைக் கேட்காமல் பெற்றுவிட்ட மாதிரி. அப்போது ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாளா? சொல்லவில்லை, சாரி சார் என்றாள். சாரியாம்! இப்போது நினைத்தாலும் பல் கூசுகிறது.

அடுத்து வந்தவருக்குக் காலில் புண், சர்க்கரை நோயாளி, கட்டைப் பிரித்தால் கட்டைவிரல் கறுத்துப் போயிருக்கிறது. எத்தனை நாளா இருக்கு? தெரியல டாக்டர், ரொம்ப நாளாவே இருக்கு. அவளுக்குச் சுருக்கென்று ஏறியது. இந்த பதிலைக் கேட்காத நாளே கிடையாது, ரொம்ப நாளாவே இருக்கு, இன்னைக்குத்தான் வந்தேன். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க? உங்க கால்தானே, பக்கத்து வீட்டுக்காரர் காலா?" என்று கத்திவிட்டாள், மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார், வேலை இருந்துச்சு டாக்டர், இப்பப் போலாம் அப்பப் போலாம்னு… போலாம் போலாம் என்றே விரல் போய்விடும். அறுவைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்து, சிஸ்டரைக் கூடவே அனுப்பினாள். கத்தியிருக்க வேண்டாம். டாக்டரம்மா ரொம்பக் கோபக்காரி என்று வெளியே பேசிக்கொள்வார்கள், பக்கத்து அறை டாக்டர் பொறுமை இதைவிடச் சத்தமாகக் கத்துவார், அவரை ரொம்பக் கண்டிப்பானவர் என்பார்கள்.

பொறுமை என்பது மாணவர்கள் வைத்த பெயர். அவளோடு சேர்ந்தவர்தான், ஒரு கையெழுத்துக்குக் கூட இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வருவார், எதையும் செய்ய மாட்டார், அதனால் எதிலும் தப்பு வராது, அதனால் நிர்வாகத்துக்கு ஏற்ற ஆள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான். காரிடாரில் பார்த்தபோது, எனக்கு ஆசையே இல்ல மேடம், கொடுத்தாப் பாத்துக்கறேன் என்று கையை விரித்தார், ஆசை இல்லாதவர் எதற்கு டீன் அறை வாசலில் தினமும் போய் நிற்கிறாராம்? சரி, நீ என்ன சொன்னாய்? டீன் கூப்பிட்டு, அடுத்த தலைவர் நீங்கதான்னு எங்க எல்லாருக்கும் எண்ணம் என்று சொன்னபோது நீ என்ன சொன்னாய் மகாராணி? "எனக்கு அப்படியெல்லாம் ஆசை இல்ல சார்." டக்கென்று வந்துவிட்டது, முட்டியில் தட்டினால் கால் எழும்புகிற மாதிரி, யோசனையே இல்லாமல். அதற்கு டீன் சந்தோஷமாகச் சிரித்து, அதான் உங்க குணம், வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா என்றார். பொறுமையிடம் வீட்டுல கேட்டுட்டுச் சொல்லுங்க என்பாரா? அவர் மனைவியிடம் யாராவது கேட்டார்களா, உங்க வீட்டுக்காரர் தலைவரானால் உங்களுக்குச் சமாளிக்க முடியுமா என்று? தன் கணவருக்குப் பதவி உயர்வு வந்தபோது அவர் வந்து கேட்கவில்லை, சொன்னார், பாலம் கட்டுகிற இடத்துக்கே போய்த் தங்கணும் என்று சொன்னார், அவள் கேக் வாங்கி வெட்டினாள், மறுநாளே மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் தேடினாள், அவ்வளவுதான் நடந்தது, அதற்கு இஷ்டம் கிஷ்டமெல்லாம் தேவைப்படவில்லை. போகட்டும். அவள் முடிவு செய்தாயிற்று, வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள், இந்த வருஷம் பொண்ணுக்குப் பொதுத் தேர்வு சார், அவ பக்கத்துல இருக்கணும், என்று. நல்ல காரணம், யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள், டீனுக்குக் கண் கூடக் கலங்கும். காலையில் குளிக்கும்போதே அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்படியிருந்தும் எதற்கு இந்த எரிச்சல், முடிவு எடுத்துவிட்டால் மனசு லேசாகும் என்பார்களே?

தையல்காரம்மா உள்ளே வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள், கடையிலிருந்து நேராக ஓடிவந்தவள் போல, ஐம்பதைத் தொட்டிருப்பாள், நாற்காலியில் முழுசாக உட்காராமல் நுனியில் உட்கார்ந்தாள். நெஞ்செரிச்சல் டாக்டர், இந்த இடத்துல, சாப்பாடு நேரத்துக்கு இல்ல பாருங்க, அதான், ஒரு மாத்திரை குடுங்க, போதும். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட, வயிறு மெத்தென்று இருக்கிறது, இரண்டு கேள்வி, மூன்று கேள்வி, எல்லாவற்றுக்கும் இல்ல டாக்டர், இல்ல டாக்டர். எல்லோருக்கும் தருகிற அமில மாத்திரையை எழுதினாள், நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று அம்மா மாதிரியே சொன்னாள். தையல்காரம்மா எழுந்து போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். என்னவோ சொன்னாள். சரியாக அந்த நேரம் பார்த்து மேஜை மேல் ஃபோன் துடித்தது, மகள், படிப்பு லீவில் வீட்டில் இருக்கிறாள், எடுக்காவிட்டால் விடாமல் அடிப்பாள், சரி சரி, மாத்திரையைப் போட்டுப் பாருங்க, சரியாயிடும் என்று ஃபோனைக் காதில் வைத்தபடியே கையை ஆட்டினாள், கதவு மூடியது.

அம்மா, என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்க? உன் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கே என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படிடி தெரியும், அப்பாவைக் கேளு. அப்பா மீட்டிங்காம், உன்னைக் கேக்கச் சொன்னார். ஓ, அவருக்கு மட்டும்தான் மீட்டிங், எனக்கென்ன, நான் இங்கே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறேன்… சோஃபாவுக்கு அடியில பாரு. பாக்கறேம்மா. இருக்கும், எங்கே போகும். ஃபோனை வைக்கப் போகும்போது, அம்மா, இன்னொண்ணு, என்றாள் மகள், குரல் கொஞ்சம் தணிந்திருந்தது, அது அவள் காதில் விழுந்தது, விழுந்தும், அப்புறம் பேசறேன்டா, ஆள் நிக்கறாங்க, என்று வைத்துவிட்டாள். என்னவாக இருக்கும்? போன மாதம் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில், எனக்கு என்னமோ பயமா இருக்கும்மா என்று ஆரம்பித்தாள், இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, எத்தனை நாளா இருக்கு? என்று கேட்டுவிட்டாள். வாய் பழகிவிட்டது, என்ன செய்வது. மகள் கண்ணை உருட்டி, மூணு நாளா இருக்கு டாக்டர், சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு ஞாபகம் இல்ல, என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆள் உட்கார்ந்தாயிற்று, தலைசுற்றல், பழைய சீட்டுகளை ஒரு பையிலிருந்து கொட்டிக்கொண்டே போகிறார், அவள் ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, வைத்து… மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. உக்காந்து சொல்றது பாதிதான்டா, எழுந்து போய், கதவுல கை வெச்சுக்கிட்டு, திரும்பிப் பாத்து ஒண்ணு சொல்வாங்க பாரு, அதுக்குத்தான் அவங்க வந்ததே, அதை விட்டுட்டா நீ டாக்டரே இல்ல. பிள்ளைகள் இவள் போனபின் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பது கூட அவளுக்குத் தெரியும். மதியம் கூட்டத்தில் வேறெதுவும் தோன்றாவிட்டால் இதையாவது சொல்லலாம், ஆலோசனை என்று ஏதாவது ஒன்று… கதவில் கை. இஞ்ச் டேப். கதவில் கையை வைத்துக்கொண்டு அவள் என்ன சொன்னாள்? சீட்டு கையிலேயே நின்றது. சொன்னாளே. காது கேட்டிருக்கிறது, மனசு வாங்கவில்லை, இப்போது எங்கிருந்தோ மெதுவாக மேலே வருகிறது, அந்தக் குரல், கூச்சத்தோடு, சிரித்தபடியே… மாடி ஏறினா மட்டும்தான் டாக்டர் வருது, நின்னாப் போயிடுது.

ஐயோ. நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. "சிஸ்டர், அந்தத் தையல்காரம்மா எங்க போனாங்க?" எந்தத் தையல்காரம்மா மேடம்? கழுத்துல டேப் போட்டிருந்தாங்களே, அவங்கதான்! தலைசுற்றல்காரரிடம் ஒரு நிமிஷம்யா என்று சொல்லிவிட்டு அவளே ஓடினாள், கோட்டுப் பையிலிருந்து பேனா விழுந்தது, எடுக்க நேரமில்லை, காரிடாரில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், முட்டி வேறு வலிக்கிறது, முட்டாள் முட்டாள், மாத்திரையைப் போட்டுப் பாருங்க சரியாயிடும், எது சரியாகும், மாடி ஏறினால் வந்து நின்றால் போகிற எரிச்சல் வயிற்று எரிச்சலா? முதலாம் ஆண்டுப் பிள்ளை சொன்னால் வகுப்பை விட்டு வெளியே அனுப்பியிருப்பாய். ஆம்பளை ஒருத்தன் வந்து நெஞ்சைப் பிடித்திருந்தால் ஈ.சி.ஜி. எடுக்காமல் விட்டிருப்பாயா? விட்டிருக்க மாட்டாய். சாப்பாடு நேரத்துக்கு இல்லை என்று அவளே காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள், நீயும் அப்படியே வாங்கிக்கொண்டாய், பொம்பளைக்கு நெஞ்சு வலித்தால் அது சாப்பிடாத வலிதானே எப்போதும்… மருந்துக் கடை வரிசையில் இஞ்ச் டேப் தெரிந்தது. மூச்சு வாங்கியது, அவளுக்கு, தையல்காரம்மாவுக்கு அல்ல. "என்ன டாக்டர், பணம் கட்ட மறந்துட்டேனா?" என்று கேட்டாள் தையல்காரம்மா. சக்கர நாற்காலி வந்தது, எனக்குக் கால் இருக்கு டாக்டர் என்று ஒரு சண்டை, உக்காருங்கம்மா முதல்ல என்று இவள் ஒரு சண்டை, வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஆலோசனை எங்கே போனாலும் கிடைக்கிறது.

ஈ.சி.ஜி. அறையில் காகிதம் ஓடி வந்தது. நேராகப் போக வேண்டிய இடத்தில் கோடு கீழே சரிந்திருந்தது, ரொம்ப இல்லை, ஆனால் இருந்தது, இருந்தது இருந்ததுதான். இதயப் பிரிவுக்குச் சொல்லியாயிற்று, ஆஸ்பிரினைக் கையில் கொடுத்து, மென்னு முழுங்குங்க என்று பக்கத்தில் நின்றுகொண்டாள். இன்னைக்கே சேரணும். தையல்காரம்மா மாத்திரையை மென்று முகத்தைச் சுளித்தபடி, முடியாது டாக்டர் என்றாள். இவளுக்கு அடுத்த வரி தெரியும், வீட்டில் கேட்க வேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்குச் சமையல், பல்லவி மாறவே மாறாது, அதற்கான கோபத்தைக் கூட முன்னாலேயே தயார் செய்துகொண்டாள். "வீட்டுல கேக்கணுமாக்கும்?" என்றாள். தையல்காரம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "வீட்டுலயா? வீட்டுல எதுக்குக் கேக்கணும்? பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் எடுத்திருக்கேன் டாக்டர், முழுப் பள்ளிக்கூடமும் என்னோடது இந்தத் தடவை. நான் இங்க படுத்துட்டா என் ஓர்ப்படி கடைக்குள்ள வந்து உக்காந்துடுவா. உதவி பண்றேன்னுதான் வருவா, அப்புறம் எழுந்திருக்க மாட்டா. என் கடை டாக்டர் அது. நான் ஆசைப்பட்டு வெச்சது. யாருக்கும் விட மாட்டேன்." சத்தமாகத்தான் சொன்னாள், ஈ.சி.ஜி. எடுத்த பெண் திரும்பிப் பார்த்தாள், தையல்காரம்மாவுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. மார்பில் ஒயர்கள் ஒட்டியிருக்க, படுத்துக்கொண்டே, ஆசைப்பட்டு வெச்சது என்று. திட்டுவதற்காக எடுத்து வைத்த கோபம் கையில் அப்படியே இருக்கிறது, போட இடம் இல்லை. கடைசியில், கடைச் சாவியை உங்க தலைகாணிக்கு அடியிலேயே வெச்சுக்கங்க, ஓர்ப்படி வந்தா நான் உள்ள விடலேன்னு சொல்லிக்கறேன், என்று சொன்னாள். நெஜமாவா டாக்டர்? நெஜமாத்தான். தையல்காரம்மா சிரித்து, அப்ப சரி என்றாள், டேப்பைக் கழற்றிச் சுருட்டித் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

தலைசுற்றல்காரரிடம் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டுப் பார்த்து அனுப்பி, மீதிப் பேரைப் பொறுமையின் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்க்க நேரமில்லாமல், கூட்ட அரங்குக்கு மாடி ஏறும்போதுதான் மகளின் நினைவு வந்தது, இன்னொண்ணு என்றாளே. ஒரு நாளில் இரண்டு பேரைக் கதவருகே தட்டிக்கழித்தாயிற்று, ஒருத்தியைத்தான் ஓடிப்போய்ப் பிடித்தோம். திருப்பத்தில் நின்று ஃபோன் போட்டாள். பாக்ஸ் கெடச்சுதா? கெடச்சுது, சோஃபா கீழதான் இருந்துச்சு. என்னமோ சொல்ல வந்தியே. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லையா? சொல்லுடா, அம்மா நின்னு கேக்கறேன். பென்சிலைக் கடிக்கிற சத்தம் வந்தது. பிறகு, "நீ அந்த ஹெட் வேலை வேணாம்னு சொல்லப் போறேன்னு அப்பா ஃபோன்ல அத்தைகிட்ட சொல்லிட்டிருந்தாரு. எனக்கு எக்ஸாமாம், அதனாலயாம்." ஆமா, அதுக்கென்ன இப்ப? "நீ வேணாம்னு சொல்லிக்கோம்மா. உன் வேலை. ஆனா எனக்காகன்னு சொல்லாதே." ஏன்டி? "அப்புறம் எனக்கு மார்க் கொறைஞ்சா, இவளுக்காக அவ்வளவு பெரிய வேலையை விட்டாங்கன்னு எல்லாரும் என்னைச் சொல்வாங்க. நீயும் சொல்வே. வாயால சொல்ல மாட்டே, மூஞ்சில சொல்வே." அவளுக்கு ஆத்திரம் வந்தது, உனக்காக எத்தனையோ… என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தின் மறுமுனை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்து, நிறுத்திக்கொண்டாள். சரி, சொல்லல, என்றாள். பிராமிஸ்? பிராமிஸ், போய்ப் படி. வைத்துவிட்டாள். ஒருவர் பக்கத்தில் படியேறிப் போனார், அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

இருந்த ஒரே காரணமும் போயிற்று. பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் இரண்டு நிமிஷத்தில், குட்டிப் பிசாசு. சரி, வேறு காரணம் சொல்லலாம், காரணத்துக்கா பஞ்சம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா கல்லு மாதிரி இருக்கிறாள், முட்டி வலி, முட்டி வலி இருக்கிறவர்கள் நாற்காலியில் உட்காரக் கூடாதா? நிர்வாகமெல்லாம் எனக்கு வராது சார், ஏன் வராது, இந்தத் துறையில் இன்று படுக்கை எங்கே காலி, யார் லீவு, எந்த மெஷின் ரிப்பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாளே, தலைவர் போடுகிற ராத்திரி டியூட்டிப் பட்டியலைக் காலையில் அவள்தானே உட்கார்ந்து திருத்துகிறாள், கைக்குழந்தைக்காரிகளுக்கு அடுத்தடுத்து ராத்திரி போடாதீங்க என்று எத்தனை தடவை தலைவரிடம் போய் நின்றிருக்கிறாள், பெண்களுக்கு உடை மாற்ற ஒரு அறை கூடக் கிடையாது, ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே ஒருத்தி காவல் நிற்க ஒருத்தி மாற்றுகிறார்கள், அந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஜன்னலுக்குத் திரை போட்டால் போதும், எந்தச் சுவரில் கண்ணாடி மாட்டுவது என்பது வரைக்கும்… நில். கண்ணாடி எந்தச் சுவரில் என்று எப்போது யோசித்தாய்? ஆசை இல்லாதவள் கண்ணாடி மாட்டிப் பார்ப்பாளா?

அரங்கின் வாசலில் டீன் நின்றிருந்தார், வாங்கம்மா வாங்க, உங்களுக்காகத்தான் எல்லாரும் வெயிட்டிங். உள்ளே இளம்பெண்கள் வெள்ளைக் கோட்டுகளில், சிலர் டிபனை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியிருக்கிறாள், ராத்திரி டியூட்டி முடித்தவளாக இருக்க வேண்டும். டீன் குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயம் என்னாச்சும்மா? உங்களால முடியலேன்னா சங்கடப்படாதீங்க, நமக்கு இன்னொருத்தரும் இருக்காரு" என்றார். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்றால் திட்டிவிட்டாவது போகலாம், இந்த நல்ல மனிதர்களோடுதான் பெரும்பாடு. அவள் புன்னகைத்தாள், அந்தப் புன்னகை அதுவாகவே வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது. "நீங்க எப்படிச் சொன்னாலும் சரி சார்" என்றது வாய். இதோ, போயிற்று. அவரும், அதானே, அப்புறம் பேசிக்கலாம் என்று தலையசைத்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார். அவள் உள்ளே நடந்தாள். கதவு கனமான கதவு, மூடிக்கொள்ளப் பார்த்தது, கையை வைத்துத் தடுத்தாள். திரும்பினாள்.

"சார்."

என்னம்மா?

"எனக்கு அது வேணும்."

டீன் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினார். காதில் சரியாக விழவில்லையோ என்று அவளுக்குத் தோன்றியது, இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்குமோ, இன்னொரு தடவை வருமா? ஆனால் விழுந்திருந்தது, ஏனென்றால் அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை, வேற்று ஆளைப் பார்க்கிற பார்வைதான் இருந்தது. "ஆசை இல்லேன்னு சொன்னீங்களேம்மா அன்னைக்கு" என்றார். சொன்னேன் சார், என்றாள். மேற்கொண்டு எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை, அவரும் சரி என்றும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை, ம் என்றார். அந்த ம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை. அதற்குள் அந்த நல்ல பையன் அவள் கையில் மைக்கைத் திணித்து, மேடம், பாசிட்டிவா, என்று காதருகே சொல்லிவிட்டு ஓடினான்.

மேடையில் நின்றாள். வேணும் என்று தான் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது, இது பயம்தான், பயம் மட்டும்தானா, மைக் பிடிக்காத கை தன்னையறியாமல் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது, வேகமாகத்தான் ஓடுகிறது. முன்வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள், சுவரில் சாய்ந்திருந்தவள் கூடக் கண்ணைத் திறந்துவிட்டாள், ஏதாவது ஒரு ஆலோசனை, ஒன்றே ஒன்று, சொல்லுங்கள் என்கிற மாதிரி. இருங்கம்மா, இருங்க, எனக்கே இப்போதுதான்… எத்தனை நாளா இருக்கு இது? என்று அவளுக்குள்ளிருந்து அந்தப் பழகிய குரல் கேட்டது, ஓ.பி.யில் கேட்கிற அதே குரல், கொஞ்சம் சிடுசிடுப்பாக. டீன் கூப்பிட்ட நாளிலிருந்தா? ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்கு நடுவே நின்ற நாளிலிருந்தா? வயிற்றைச் சுமந்துகொண்டு சாரி சார் என்று சொன்ன அன்றிலிருந்தா, இல்லை அதற்கும் முன்னாலேயா? அவள் வாயைத் திறந்தாள், வந்தது இதுதான், தெரியல டாக்டர், ரொம்ப நாளாவே இருக்கு, இன்னைக்குத்தான் வந்தேன்.